ஐந்தால் வகுத்த கட்டுரை: ஓர் ஆய்வாளரின் சைட்டேஷன் கணக்கைப் படிப்பது எப்படி?

வீட்டில் யாராவது கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்த ரிப்போர்ட் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு, எச்.டி.எல்., எல்.டி.எல். என்று எண்கள் வரிசையாக இருக்கும். முதல் மூன்றும் இரத்த மாதிரியில் நேரடியாக அளந்தவை. எல்.டி.எல். மட்டும் பல லேப்களில் கணக்குப் போட்டு எழுதப்படுவது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழிக்க வேண்டும், டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழிக்க வேண்டும். மொத்தம் 200, எச்.டி.எல். 45, டிரைகிளிசரைடு 150 என்றால், 200-இல் 45 போய், 30 போய், மிச்சம் 125. அதுதான் உங்கள் எல்.டி.எல்.

இந்தக் கணக்கு 1972-இல் 'கிளினிக்கல் கெமிஸ்ட்ரி' என்ற ஆய்விதழில் வந்தது. எழுதியவர்கள் வில்லியம் ஃப்ரீட்வால்ட், ராபர்ட் லெவி, டொனால்ட் ஃப்ரெட்ரிக்சன் என்ற மூவர். அமெரிக்காவில் பெதஸ்டாவில் இருக்கும் தேசிய இதய நுரையீரல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். அதற்கு முன்னால் எல்.டி.எல்.லைச் சரியாக அறிய வேண்டுமென்றால், இரத்தப் பிளாஸ்மாவை அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் என்ற அதிவேகச் சுழற்சி இயந்திரத்தில் பல மணி நேரம் சுற்ற வேண்டும். அந்த இயந்திரம் எத்தனை ஊர்களில் இருந்திருக்கும்? அது இல்லாமலே கிட்டத்தட்டச் சரியான விடை கிடைக்கும் என்று 448 பேரின் மாதிரிகளை வைத்து இவர்கள் காட்டினார்கள். டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம் என்றும் அவர்களே சொல்லிவிட்டார்கள். கட்டுரை மொத்தம் நான்கு பக்கம்.

அந்த நான்கு பக்கத்தை இதுவரை பல்லாயிரம் கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. மருத்துவ ஆய்வகத் துறையில் ஓர் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலையும் மேற்கோள் கணக்கையும் எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர இதைவிடப் பொருத்தமான கட்டுரை எனக்குத் தெரியவில்லை. பயோகெமிஸ்ட்ரி படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், இவருக்கு இரண்டாயிரம் சைட்டேஷன் இருக்கு, பெரிய ஆளா சார்?" அதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டாயிரத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் மேற்கோள் என்ற சொல். பள்ளியில் மேற்கோள் என்றால் குறளையோ பாரதியையோ அப்படியே எடுத்து எழுதுவது. ஆய்வுலகில் அது வேறு. "இந்த முறையை இன்னார் கட்டுரையிலிருந்து எடுத்தேன்", "இன்னார் சொன்ன முடிவு என் முடிவோடு பொருந்தவில்லை" என்று எழுதி, அந்தக் கட்டுரையின் விவரத்தைக் கடைசியில் கொடுப்பது. அவர்கள் எழுதிய ஒரு வரியைக்கூட அப்படியே எடுத்தெழுத வேண்டியதில்லை. அப்படி ஒரு முறை குறிப்பிட்டால் அது ஒரு சைட்டேஷன். கல்லூரி வளாகத்தில் எல்லோரும் சொல்வது அந்தச் சொல்லைத்தான் என்பதால் நானும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன்.

வழக்கறிஞர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த தீர்ப்புகள் எவை பின்பற்றின, எவை தள்ளிவைத்தன என்று தேட அமெரிக்காவில் 1873 முதலே 'ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ்' என்ற தொகுப்பு இருந்தது. அதைப் பார்த்துத்தான் தகவல் அறிவியலாளரான யூஜீன் கார்ஃபீல்ட், அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். 1960-களில் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வெளிவந்தது. ஒரு பழைய கட்டுரையைப் பிடித்தால், அதைப் பின்னால் யார் யார் தொட்டார்கள் என்று முன்னோக்கி நடந்து போகலாம். தேடுவதற்காகச் செய்த கருவி அது. ஆட்களை எடைபோட அதைப் பயன்படுத்தும் பழக்கம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மருத்துவ ஆய்வகத்தில் எழுதப்படும் கட்டுரைகள் எப்படிப்பட்டவை? புதிய கருவியின் விடையும் பழைய கருவியின் விடையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது ஒரு வகை. ஆரோக்கியமானவர்களிடம் ஒரு பொருளின் அளவு எதிலிருந்து எதுவரை இருக்கும் என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. நோயாளிக்கு இல்லாத நோயை ரிப்போர்ட் காட்டியது ஏன் என்று துப்பறியும் கட்டுரைகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான். அப்புறம் பலருடைய ஆய்வுகளைத் திரட்டி எழுதும் மதிப்பாய்வுகள், குழுவாக வெளியிடும் வழிகாட்டுதல்கள். இவற்றுள் மதிப்பாய்வுக்கும் வழிகாட்டுதலுக்கும் மேற்கோள்கள் குவியும். இரண்டு பிளாஸ்மா குழாய்களை ஒப்பிட்டு ஆறு மாதம் பாடுபட்டு எழுதிய கட்டுரைக்கு நான்கு மேற்கோள் வந்தாலே பெரிது. அந்த நான்கு பேரில் ஒருவர் தன் லேப்பில் தவறான குழாயை மாற்றியிருப்பார் என்பது எந்த எண்ணிலும் தெரியாது.

எல்லாவற்றையும்விட அதிகம் மேற்கோள் பெறுபவை முறைகளைச் சொல்லும் கட்டுரைகள். உலகிலேயே மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை எது தெரியுமா? டி.என்.ஏ. அமைப்பைச் சொன்னது அல்ல, சார்பியல் பற்றியதும் அல்ல. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை ஆலிவர் லௌரியும் உடன் பணியாற்றியவர்களும் 1951-இல் எழுதிய கட்டுரை. 2014-இல் 'நேச்சர்' இதழ் நூறு கட்டுரைகளின் பட்டியல் போட்டபோது அதுதான் முதலிடம், மூன்று லட்சத்துக்கும் மேல். அதே வேலையை வேகமாகச் செய்யும் பிராட்ஃபோர்ட் முறை, 1976-இல் வந்தது, மூன்றாமிடம். ஆய்வகத்தில் தினமும் கைபடும் வேலை அது. அதனால் அத்தனை பேர் குறிப்பிட்டார்கள். லௌரியே அதைத் தன் மகத்தான கட்டுரையாக நினைக்கவில்லை.

ஆக, மேற்கோள் எண்ணிக்கை முதன்மையாகச் சொல்வது பயன்பாட்டை. அம்மிக்கல் செய்தவரையும் சமைத்தவரையும் அதை வைத்து ஒப்பிட முடியாது.

இன்னொன்று. மேற்கோள் என்றால் பாராட்டு என்று பலர் நினைக்கிறார்கள். ஃப்ரீட்வால்ட் கட்டுரையையே பாருங்கள். எல்லோருக்கும் ஐந்தால் வகுப்பது சரியில்லை, டிரைகிளிசரைடு அளவைப் பொறுத்து வகுக்கும் எண்ணும் மாற வேண்டும் என்று 2013-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த சேத் மார்ட்டின் குழுவினர் பதின்மூன்று லட்சத்துக்கும் அதிகமான மாதிரிகளை வைத்துக் காட்டினார்கள். 2020-இல் மௌரீன் சாம்ப்சனும் சகாக்களும் டிரைகிளிசரைடு 800 வரை போனாலும் பயன்படும் வேறொரு சமன்பாட்டைக் கொடுத்தார்கள். இவர்கள் எல்லோருமே ஃப்ரீட்வால்டைக் குறிப்பிட்டாக வேண்டும். குறை சொல்லவும் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? அப்படித் திருத்தியவர்களின் மேற்கோளும் அதே கணக்கில் ஒன்று கூடியது. இது ஆரோக்கியமான உதாரணம். மோசமான உதாரணமும் உண்டு. தட்டம்மை தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998-இல் 'லான்செட்'டில் எழுதிய கட்டுரை 2010-இல் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு ஆயிரத்துக்கும் மேல் மேற்கோள்கள் உண்டு. பெரும்பாலானவை அது தவறு என்று சொல்பவை. எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு அது வெற்றிபெற்ற கட்டுரையாகத்தான் தெரியும்.

சரி, இப்போது ஒரு கட்டுரையை விட்டு ஓர் ஆளிடம் வருவோம். ஓர் ஆய்வாளர் எட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறோம்: 120, 40, 18, 9, 6, 5, 3, 0. மொத்தம் 201. இதில் 120 ஒரே கட்டுரைக்கு வந்தது. மொத்தத்தை மட்டும் சொன்னால் ஒரு கட்டுரைதான் மிச்சத்தையெல்லாம் தூக்கி நிறுத்துகிறது என்பது தெரியாது. இதற்காகத்தான் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இயற்பியலாளரான ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் எச் இண்டெக்ஸ் என்ற அளவைச் சொன்னார். வரிசையில் மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். முதல் கட்டுரைக்கு ஒன்றாவது இருக்கிறதா? இரண்டாவதற்கு இரண்டாவது? மூன்றாவதற்கு மூன்று? நான்காவதற்கு 9 இருக்கிறது, சரி. ஐந்தாவதற்கு 6, அதுவும் சரி. ஆறாவதற்கு 5 மட்டும்தான், ஆறு இல்லை. அங்கே நிறுத்த வேண்டும். இவருடைய எச் இண்டெக்ஸ் 5.

இந்த அளவில் ஒரு நல்லது உண்டு: ஒரே ஒரு கட்டுரை ஓடியதால் யாரும் உயர்ந்துவிட முடியாது. கெட்டதும் அதேதான். அந்த 120 நாளைக்கு 12,000 ஆனாலும் எச் இண்டெக்ஸ் அசையாது, 5-தான். ஐந்தால் வகுக்கும் கணக்கைப் போன்ற ஒன்றை வாழ்நாளில் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் நோயாளிகளின் மாதிரிகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்த எண் அநியாயம் செய்கிறது. அதோடு அது கூடுமே தவிர ஒருபோதும் குறையாது. வயதானவருக்குத் தானாகவே அதிகம் இருக்கும். முப்பது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் அதை வைத்து அருகருகே நிறுத்தக் கூடாது. இதயநோய் ஆய்வாளரையும் மருத்துவ ஆய்வக ஆய்வாளரையும்கூட நிறுத்தக் கூடாது. இதயநோய்த் துறையில் எழுதுகிறவர்கள் மிக அதிகம், அதனால் மேற்கோள்களும் அதிகம். ஆய்வகத் துறை சிறிய ஊர். அங்கே எல்லோரும் எல்லோரையும் சொன்னாலும் எண்ணிக்கை ஓரளவுக்குத்தான் போகும்.

ஒரே ஆளுக்கு மூன்று எச் இண்டெக்ஸ் இருப்பதைப் பார்த்து மாணவர்கள் திகைப்பார்கள். கூகுள் ஸ்காலரில் ஒன்று, ஸ்கோப்பஸில் ஒன்று, வெப் ஆஃப் சயன்ஸில் ஒன்று. மூன்றும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் திரட்டி வைக்கும் தரவுத்தளங்கள். பொய் எதுவும் இல்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், புத்தகங்கள், இதழில் வராத முன்பதிப்புகள் எல்லாவற்றையும் சேர்க்கும். மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களை முக்கியமாக எண்ணும். எனவே பொதுவாகக் கூகுள் எண்தான் பெரிதாக இருக்கும். யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எங்கே, எந்தத் தேதியில் பார்த்தது என்று கேளுங்கள். தயக்கம் வேண்டாம், அது நியாயமான கேள்வி.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே புரியும் தொல்லை ஒன்று இருக்கிறது: இனிஷியல். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, தன் பெயரைப் பின்னால் போடுகிறோம். ஆய்விதழ்களின் படிவம் கடைசிப் பெயர், முதல் பெயர் என்று கேட்கிறது. எஸ். குமார் என்ற ஒருவர் ஒரு கட்டுரையில் குமார் எஸ் ஆகிறார், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர் கடைசிப் பெயராகிவிடுகிறது, மூன்றாவதில் இனிஷியலே காணாமல் போகிறது. தரவுத்தளத்துக்கு அவர் மூன்று ஆள். இன்னொரு பக்கம் வேறு நூறு எஸ். குமார்கள் ஒரே ஆளாகச் சேர்ந்துவிடுவார்கள். திருமணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிய பெண்களின் கட்டுரைகள் இரண்டு துண்டாக உடைந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய உழைப்பில் பாதி கண்ணுக்குத் தெரியாமலே போகிறது என்று நினைக்கும்போது வேதனையாக இருக்கும். 2012-இல் வந்த ஆர்கிட் என்ற பதினாறு இலக்க அடையாள எண் இதற்கு நல்ல மருந்து. இலவசம். ஆய்வுக்குள் நுழையும் தம்பி தங்கைகள் முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்னாலேயே அதை வாங்கிக்கொண்டு, பெயரை எப்படி எழுதுவது என்று ஒரே முடிவாக எடுத்துவிட வேண்டும்.

பட்டியலில் அடுத்து பார்க்க வேண்டியது பெயர் வரும் இடம். மருத்துவத் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைக் கையால் செய்தவருடையது. கடைசிப் பெயர் வழிநடத்திய மூத்தவருடையது. நடுவில் வருபவர்கள் ஏதாவது ஒரு பகுதியைச் செய்திருப்பார்கள். முப்பது பேர் கையெழுத்திட்ட வழிகாட்டுதலில் பதினேழாவது பெயராக இருப்பவருக்கும் அதன் அத்தனை மேற்கோள்களும் முழுசாகச் சேரும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, யாரை ஆசிரியர் என்று போடலாம் என்பதற்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. வேலையில் உண்மையான பங்கு, எழுதுவதில் பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், உள்ளே இருப்பதற்கெல்லாம் பொறுப்பேற்பது, இந்த நான்கும் இருக்க வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காக மட்டும் பெயரைச் சேர்ப்பது இதில் எங்குமே வராது. மாதிரியை எடுத்து, ஓட்டி, இரவு முழுக்கக் கருவியோடு மல்லுக்கட்டிய லேப் டெக்னீசியன் பெயர் நன்றி நவிலல் பகுதியில் ஒரு வரியாகப் போய்விடுவதும் நடக்கிறது. அவர் எழுத்திலும் பங்கெடுக்க வாய்ப்புக் கொடுத்து ஆசிரியராகச் சேர்ப்பதுதான் முறை என்பது என் உறுதியான எண்ணம்.

இம்பாக்ட் ஃபேக்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது இதழுக்கான எண், ஆளுக்கானது அல்ல. 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்தவற்றுக்கு 2023-இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரைகள், மதிப்பாய்வுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த இதழின் 2023-க்கான இம்பாக்ட் ஃபேக்டர் வரும். சில கட்டுரைகள் ஏராளமாகவும் பல கட்டுரைகள் கொஞ்சமாகவும் பெற்ற மேற்கோள்களின் சராசரி அது. அந்த இதழில் எழுதிய ஒருவரின் கட்டுரை எப்படிப்பட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இப்படிப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்கள் ஒரு பிரகடனம் எழுதினார்கள்.

செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் வரும் "உலகின் தலைசிறந்த இரண்டு சதவீத விஞ்ஞானிகள்" பட்டியலையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பேனர் வைத்துக் கொண்டாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் ஜான் அயோனிடிஸ் குழுவினர் ஸ்கோப்பஸ் தரவை வைத்துப் போடும் கணக்கு. மேற்கோள், எச் இண்டெக்ஸ், தனியாகவோ முதலாகவோ கடைசியாகவோ பெயர் வந்த கட்டுரைகளின் மேற்கோள் என்று சிலவற்றைக் கலந்து ஒரு மதிப்பெண் தருகிறார்கள். பல்கலைக்கழகம் கூடி யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பட்டியலின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது: ஒருவர் தன்னைத் தானே எத்தனை சதவீதம் மேற்கோள் காட்டிக்கொண்டார் என்ற நெடுவரிசையும் அதில் உண்டு. தொடர்ந்து ஒரே வேலையைச் செய்கிறவர் தன் பழைய கட்டுரையைச் சொல்லத்தான் வேண்டும், அதில் தவறில்லை. அளவுக்கு மீறிப் போனால் அந்த நெடுவரிசை காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணப்பட்டதைப் பற்றி. எண்ணப்படாததும் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் நெகிழ வைப்பது. விஸ்கான்சினில் ஜேம்ஸ் வெஸ்ட்கார்டும் மூன்று பேரும் சேர்ந்து 1981-இல், இதுவும் 'கிளினிக்கல் கெமிஸ்ட்ரி'யில்தான், ஒரு கட்டுரை எழுதினார்கள். லேப்பில் நோயாளி மாதிரிகளோடு கன்ட்ரோல் என்ற, விடை தெரிந்த மாதிரியையும் ஓட்டுவார்கள். அதன் விடை எவ்வளவு விலகினால் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்? ஒரு விடை சராசரியிலிருந்து மூன்று எஸ்.டி. (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், விடைகள் சராசரியைச் சுற்றி வழக்கமாகச் சிதறும் அளவு) தாண்டினால் நிறுத்து, அடுத்தடுத்து இரண்டு விடைகள் ஒரே பக்கமாக இரண்டு எஸ்.டி. தாண்டினால் நிறுத்து, பத்து விடைகள் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தாலும் நிறுத்து என்பது மாதிரியான விதிகளை அவர்கள் தொகுத்தார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே ஷூஹார்ட் பெயர் இருக்கிறது. 1920-களில் பெல் தொலைபேசி நிறுவனத்தில் தொழிற்சாலைப் பொருள்களின் தரத்தைக் கண்காணிக்க வரைபடம் போட்டவர் அவர். அதை 1950-இல் லெவேயும் ஜென்னிங்ஸும் மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொலைபேசித் தொழிற்சாலையிலிருந்து இரத்தக் குழாய்வரை வந்த அந்தப் பாதையை மேற்கோள்களைப் பிடித்துக்கொண்டே நடந்து கண்டுபிடிக்கலாம். கார்ஃபீல்ட் விரும்பியது இதைத்தான்.

ஆனால் இன்று வெஸ்ட்கார்ட் விதிகள் கருவியின் மென்பொருளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. பாடப்புத்தகத்தில் இருக்கின்றன, செய்முறைத் தேர்வில் கேட்கிறார்கள். தினமும் அவற்றைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் 1981 கட்டுரையைத் தேடிப் போய்க் குறிப்பிடுவதில்லை. குறிப்பிடத் தேவையும் இல்லை. ஒரு கருத்து எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டால் அதைச் சொன்னவரின் பெயர் உதிர்ந்துவிடும் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் தனியாகவே எடுத்து எழுதியிருக்கிறார். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டும் அப்படித்தான். உலகம் முழுக்க எத்தனை ரிப்போர்ட்டில் அந்த ஐந்தால் வகுத்த விடை அச்சாகியிருக்கும்! அவற்றில் ஒன்றுகூட ஃப்ரீட்வால்டின் மேற்கோள் கணக்கில் ஏறியிருக்காது.

அதனால் ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் நான் மேலே இருக்கும் எண்களை விட்டுவிட்டு நேராகப் பட்டியலுக்குப் போவேன். அதிகம் மேற்கோள் பெற்ற மூன்று கட்டுரைகளில் அவர் பெயர் எங்கே வருகிறது என்று பார்ப்பேன். அவை முறையா, மதிப்பாய்வா, வழிகாட்டுதலா என்று பிரிப்பேன். பிறகு ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்து, அதை மேற்கோள் காட்டிய நான்கைந்து பேர் என்ன சொல்கிறார்கள் என்று படிப்பேன். "இன்னார் முறைப்படி அளந்தோம்" என்று ஒருவர் எழுதியிருப்பார், "இன்னார் முடிவு எங்கள் நோயாளிகளுக்குப் பொருந்தவில்லை" என்று இன்னொருவர். அரை மணி நேர வேலை. கேட்ட மாணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் கால் மணி நேரத்தில் அவரே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார். கையில் தன் அம்மாவின் லிப்பிட் ரிப்போர்ட்டோடு வந்த ஒரு பெண் அப்படித்தான் கேட்டாள்: "சார், அம்மாவுக்கு டிரைகிளிசரைடு 430. அப்போ இந்த எல்.டி.எல். எப்படி வந்தது?" லேப்புக்குப் போன் பண்ணிக் கேட்கச் சொன்னேன்.